மலையில் கம்பளி, அடிவாரத்தில் மின்விசிறி!

மலையில் வீசும் காற்றுக்குக் காசு கிடையாது. அடிவாரத்துக்கு இறங்கிவிட்டால் காற்றுக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது! போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு ஏலமலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குப் போனால், 4,000 அடிக்கும் மேலே வந்துவிடுகிறோம். 1,000 மீட்டர் ஏறினால் உஷ்ணம் 6 டிகிரிக்குக் குறையாமல் இறங்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே, ஊருக்குள் வியர்த்துக் கொட்டும் சித்திரை மாதத்திலும், மேலே மர நிழலில் ஏலச்செடிகள் குளுகுளுவென்று நிற்கின்றன.

விடியும் முன்பே ஜீப் ஏறி, எல்லை தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம். அவர்களில் பெண்களே மிகுதி. பகலெல்லாம் குளிரில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வெக்கையான வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சமைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவிப் படுக்கும்போது இரவு பத்து மணி. மறுபடி எழுந்திருக்க வேண்டியது நாலு மணிக்கு. இடையில் இருக்கும் ஆறு மணி நேரத் தூக்கத்தில் பாதி புழுக்கத்தில் போய்விட்டால், மறுநாள் உடம்பு எப்படி ஓடும்?

இந்த இடத்தில்தான் கூரையில் தொங்கும் மின்விசிறியின் அருமை தெரிகிறது.

ஏலக்காய் ஸ்டோர் சொல்லும் பாடம்

மின்விசிறி அறையைக் குளிர வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. ஆள் இல்லாத அறையில் நாள் முழுவதும் விசிறி ஓடினாலும், அங்கே உள்ள காற்றின் உஷ்ணம் குறையாது. மோட்டாரின் சூடு சேர்ந்து, இம்மியளவு கூடத்தான் செய்யும்!

பின்னே நமக்குக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பறித்து வந்த பச்சைக் காயில் 100-க்கு 80 பங்கு ஈரம். அதை 10 பங்கு அளவுக்குக் குறைக்க, 45 முதல் 55 டிகிரி வரை சூடேற்றிய அறையில் காயைப் பரப்பி உலர்த்துகிறார்கள். நாலைந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். சூடு மட்டும் இருந்தால் போதாது. காயிலிருந்து கிளம்பும் ஈரக்காற்றை வெளியே தள்ளியாக வேண்டும். அது அறைக்குள்ளேயே தங்கிவிட்டால் காய் சரியாக உலராது. பச்சை நிறம் மங்கி, விலையும் விழுந்துவிடும்.

நம் தேகத்தின் கதையும் அதுவே. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று அசையாத அறையில், தோலை ஒட்டி ஓர் ஈரப்போர்வை உண்டாகிவிடுகிறது. அதற்குமேல் வியர்வை ஆவியாக இடமில்லை; வழிந்து பாயைத்தான் நனைக்கும். விசிறி அந்த ஈரக்காற்றைத் துரத்திவிட்டு, புதுக்காற்றைக் கொண்டுவருகிறது. வியர்வை உலர்கிறது, உடம்பு தணிகிறது, கண் செருகுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. கொசுவுக்குப் பலமாகப் பறக்கத் தெரியாது. விசிறியின் காற்று வேகத்தில் அது தள்ளாடிப்போய், ஆள்மேல் உட்காருவது குறைகிறது. வலை கட்டத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வலையோடு விசிறியும் இருந்தால் நல்ல காவல்.

பங்காவிலிருந்து பட்டன் வரை

ஆங்கிலேயர் காலத்தில், கச்சேரிகளிலும் பங்களாக்களிலும் கூரையிலிருந்து நீளமான துணிப்பங்கா தொங்கும். வெளித் திண்ணையில் ஓர் ஏழை உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பான். உள்ளே இருப்பவருக்குக் காற்று, இழுப்பவனுக்கு வியர்வை!

1882-இல் அமெரிக்காவில் ஷூய்லர் வீலர் என்பவர் மேசையில் வைக்கும் மின்சார விசிறியைச் செய்தார். தையல் இயந்திரத்துக்கு மோட்டார் செய்துகொண்டிருந்த பிலிப் டீல் என்பவர், அதே மோட்டாரில் இறக்கைகளைப் பூட்டிக் கூரையில் மாட்டினார். 1887-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1899-இல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்தது. அதன்பின் இந்திய நகரங்களில் பங்காக் கயிறு மெல்ல மெல்ல மறைந்தது.

தேனிப் பகுதிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வந்து லோயர்கேம்ப்பில் விழுகிறது. 1950-களின் கடைசியிலிருந்து அந்தத் தண்ணீர், வயலுக்குப் போகும் வழியிலேயே மின்சாரமும் எடுத்துக் கொடுக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் கணவாய்க் காற்றிலே காற்றாலைகள் சுற்றுகின்றன. மலையின் தண்ணீரும் காற்றும் கம்பி வழியாக வந்து விசிறியைச் சுழற்றுகின்றன என்று சொல்லலாம்.

மின்சாரக் கட்டணம் பயமா?

"ராத்திரி பூராவும் ஃபேன் ஓடினால் பில் என்னாவது?" என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பழைய மாதிரி சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். இப்போது பி.எல்.டி.சி. என்று ஒரு புதுவகை மோட்டார் வந்திருக்கிறது. அந்த விசிறிக்கு 30 வாட் அளவே போதும். அதே 10 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 18 யூனிட்தான் ஆகும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது. பழைய விசிறிகள் இரண்டு இருந்தால், அவையே 90 யூனிட்டைச் சாப்பிட்டுவிடும். புதுவகை இரண்டுக்கு 36 யூனிட். விளக்குக்கும் மிக்சிக்கும் மிச்சம் இருக்கும். புதுவகைக்கு விலை சற்று அதிகம் என்பது மெய்தான். ஆனால் தினம் பத்து மணி நேரம் ஓடுகிற பொருளுக்கு, வாங்குகிற விலையோடு ஓட்டுகிற செலவையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்? 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகியது. நட்சத்திரம் கூடக்கூட மின்சாரச் செலவு குறைவு. கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்காமல், அட்டைப்பெட்டியில் இருக்கும் நட்சத்திரத்தையும் எண்ணிப் பாருங்கள்.

குளிர்சாதன இயந்திரமோ 1,000 வாட்டுக்குக் குறையாமல் கேட்கும் சங்கதி. அது ஓடும் ஒரு மணி நேரத்து மின்சாரத்தில், புதுவகை விசிறி மூன்று இரவுகள் ஓடிவிடும்!

ரெகுலேட்டரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால், மிச்சமாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாக வீணாகும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அப்படியில்லை; வேகம் குறைந்தால் செலவும் குறையும்.

மாட்டும்போது கவனம்!

10 அடிக்கு 10 அடி, 12 அடிக்கு 12 அடி அறைகளுக்கு 48 அங்குல விசிறி சரியாக இருக்கும். இறக்கைக்கும் தரைக்கும் இடையில் எட்டடி இருப்பது நல்லது. ஏழு அடிக்குக் கீழே போகவே கூடாது. கூரைக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி விட்டால்தான் விசிறி மேலிருந்து காற்றை இழுக்க முடியும்.

காங்கிரீட் வீட்டில் கூரை போடும்போதே கொக்கி வைத்துவிடுகிறார்கள். ஓட்டு வீட்டில் கனமான உத்திரத்திலிருந்துதான் தொங்கவிட வேண்டும். ஓடு தாங்கும் மெல்லிய சட்டத்தில் மாட்டினால் என்றைக்காவது இறங்கிவிடும். குழந்தைக்குச் சேலைத்தொட்டில் கட்டிய கொக்கியில் விசிறியை மாட்டவே கூடாது. விசிறி சுழலும்போது குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக் கொஞ்சுவதும் ஆபத்து.

மாட்டிய பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கொக்கி, போல்ட், பின் எல்லாம் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடிக்கொண்டே ஓடும் விசிறியை அலட்சியம் செய்யாதீர்கள். வேகம் மட்டும் குறைந்திருந்தால், பெரும்பாலும் கண்டென்சர் பலவீனமாகியிருக்கும். அதை மாற்றச் செலவு சொற்பம். இறக்கையில் தூசி படிந்தாலும் காற்று குறையும். துடைப்பதற்குமுன் சுவிட்சை அணைக்க மறக்கக் கூடாது.

விசிறிக்கும் எல்லை உண்டு

நம் தோலின் உஷ்ணம் ஏறக்குறைய 35 டிகிரி. அறைக்காற்று அதைவிட மிகவும் சூடாகிவிட்டால், விசிறி அந்தச் சூட்டையே நம்மேல் வீசும். 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் விசிறியை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. தகரக்கூரை வீட்டில் சித்திரை நடுப்பகலில் இது நடக்கக்கூடிய காரியமே. அந்த வேளையில் வயோதிகர்களையும் கைக்குழந்தைகளையும் நிழலான இடத்துக்கு மாற்றுங்கள். அடிக்கடி தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

பகலில் வெயில் விழும் ஜன்னலை மூடி, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவது உத்தமம். காங்கிரீட் கூரை பகலில் குடித்த சூட்டை இரவில் கக்கும். மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தால், அது குடிக்கும் சூடு குறையும். விசிறியின் வேலை பாதியாகும்.

யாருக்கு முதல் விசிறி?

2011-இல் தமிழ்நாட்டு அரசு ரேஷன் கார்டுதாரர்களுக்கு மிக்சி, கிரைண்டரோடு மேசை விசிறியும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. விசிறி என்பது பணக்காரர் வீட்டு அலங்காரம் என்ற எண்ணம் அதற்கு முன்பே போய்விட்டது. ஆனாலும் பழைய வழக்கம் ஒன்று பல வீடுகளில் போகவில்லை. வாங்குகிற முதல் சீலிங் ஃபேன் முன் அறைக்குத்தான் போகும். வாரத்துக்கு ஒருநாள் வருகிற விருந்தாளிக்குக் காற்று. தினமும் நாலு மணிக்கு எழுகிறவளுக்கு அடுக்களை ஓரத்தில் புழுக்கம்!

கையில் ஒரு விசிறிக்குத்தான் பணம் இருக்கிறதா? வீட்டில் முதலில் எழுந்து, கடைசியில் படுக்கிறவர் யார் என்று பாருங்கள். அவர் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே அதை மாட்டுங்கள். விருந்தாளி வந்தால் அவருக்குப் பனையோலை விசிறியைக் கையில் கொடுக்கலாம். காரியம் தெரிந்த விருந்தாளியாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்!