போகித் தீயும் விடியற்காலை வானமும்

மார்கழியின் கடைசி நாளன்று, சூரியோதயத்துக்கு முன்பாகவே, சென்னையை அடுத்த நாவலூரின் பழைய தெருக்களிலும், அவற்றைச் சூழ்ந்து எழுந்துவிட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசல்களிலும், கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிய, பிள்ளைகள் சிறு மேளம் கொட்டிக் களிக்கும் போகிப் பண்டிகை, வீட்டு வாசலில் தீ மூட்டுவதற்கு நம் நாட்டில் என்னென்ன நியதிகள் உண்டு என்று ஆராயத் தக்க தருணமாகவும் அமைகிறது.

1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், எரிபொருள் அல்லாத வஸ்துக்களை எரிப்பதைத் தடை செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொதுவெளியிலும் குப்பையைக் கொளுத்தலாகாது என்றன. அவ்வாண்டு டிசம்பரிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் செலுத்த வேண்டும் என்று விதித்தது. டயர், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் போகியன்று எரிக்கலாகாது என்பதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

இத்தடைக்கு ரசாயன சாஸ்திரம் தக்க காரணம் கூறும். டயரை இறுக்கமாக்கச் சேர்க்கப்படும் கந்தகம், எரியும்போது கந்தக டை ஆக்சைடாக மாறிக் கரிப்புகையோடு வெளியேறுகிறது, பி.வி.சி. பிளாஸ்டிக்கிலுள்ள குளோரின், அமில வாயுவாகவும், கொடிய நஞ்சாகிய டையாக்சினாகவும் உருமாறுகிறது. காய்ந்த விறகு இவ்வளவு கேடு செய்யாதெனினும், அதன் புகையிலும் சுவாசகோசத்தின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்கள் உண்டு. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட அத்துகள்கள், ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது இந்திய வரம்பு; 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்போ 15 மைக்ரோகிராம்தான்.

ஆயினும், எரிக்கும் பொருளைக் காட்டிலும் எரிக்கும் நேரம் முக்கியத்துவத்தில் குறைந்ததன்று. தெளிந்த வானமுள்ள தை, மார்கழி இரவுகளில் நிலம் தன் உஷ்ணத்தைக் கதிர்வீச்சாக இழந்துவிட, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தங்கிவிடுகிறது. அதன்மேல் இளஞ்சூடான காற்று மூடியைப் போல் கவிந்து, புகையை மேலேற விடாது தடுக்கிறது. பகலில் 1,000 மீட்டர் உயரம்வரை பரவக்கூடிய புகை 100 மீட்டருக்குள் அடைபட்டால், அதன் செறிவு பத்து மடங்காகும் என்பது எளிய கணக்கு. மேலும், புகைத்துகள்களைப் பற்றிக்கொண்டே நீராவி துளிகளாகத் திரள்வதால் மூடுபனியும் அடர்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், போகிக் காலையில், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டமைக்கு, பனியும் புகையும் இவ்வாறு கூடியதே காரணம்.

சூரியன் ஏறி நிலம் சூடானதும் இந்த மூடி தானே கலைந்துவிடுகிறது. முற்பகலில் தொடங்கும் கடற்காற்றும் நாவலூர் போன்ற கரையோரப் பிரதேசங்களில் புகையைச் சிதறச் செய்கிறது. ஆகவே, பழைய துணியையும் டயரையும் சென்னை மாநகராட்சி அண்மைக்காலமாகச் செய்துவருவதுபோல் முன்கூட்டியே சேகரித்து அகற்றிவிட்டு, சடங்குக்கென ஒரு கைப்பிடி காய்ந்த விறகை மட்டும், வெயில் ஏறிய பின் எரிப்பது சம்பிரதாயத்துக்கும் விரோதமாகாது, விஞ்ஞானத்துக்கும் இசைவாகும். எதை எரிக்கலாகாது என்று வரையறுத்த நம் விதிகள், எப்பொழுது எரிக்கலாம் என்பதையும் வரையறுக்குமாயின், தண்டத் தொகையை உயர்த்துவதைவிட அது அதிக பலன் தரும்.