பைக்கை அறுக்கும் முன் எக்செலைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மலைப்பகுதிகளில் குளிர்காலம் வந்தால் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். கோடையில் மண்மேட்டில் ஏறி இறங்கிய டர்ட் பைக்கை அப்போது பலரும் மூலையில் நிறுத்திவிடுவதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சறுக்குப் பலகை மாட்டுவார்கள். பின்சக்கரம் இருந்த இடத்தில் பல் வைத்த அகலமான ரப்பர் பெல்ட். இதற்குப் பெயர் ஸ்னோ பைக். ஐடஹோ மாநிலத்தின் சாண்ட்பாயின்ட் என்ற ஊரில் ஆலன் மேங்கம் தொடங்கிய டிம்பர்ஸ்லெட் நிறுவனம் இந்த மாற்றுக் கிட்டைப் பிரபலமாக்கியது. 2015-ல் போலாரிஸ் நிறுவனம் அதை வாங்கியது. 2017-ல் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஸ்னோ பைக்குக்குத் தனிப் பந்தயமே வைத்தார்கள்.

மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடுகிற புதுக்கோட்டைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. சம்பா அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் டயர் வைத்த அறுவடை இயந்திரம் வயலில் இறங்காது. பெல்ட் வண்டிதான் வரவேண்டும். வாடகை கூடுதல் என்றாலும் வேறு வழியில்லை. டயர் புதைகிற சேற்றில் பெல்ட் ஏன் புதைவதில்லை? பனியில் பைக் ஓடுவதற்கும் அதே காரணம்தான். அந்தக் காரணத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்செலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ்காரர்களுக்கு" என்று மூடிவிடுகிறார்கள். உங்களிடம் எக்செல் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம், இந்தக் கணக்குக்கு அதுவே போதும். நான் படித்தது மெக்கானிக்கல், வேலை பார்ப்பது சாஃப்ட்வேரில். (எங்கள் ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.) இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரும்பை அறுப்பதற்கு முன் இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஷீட்டைத் திறந்து, முதல் கட்டத்தில், அதாவது செல்லில், "பின்சக்கரத்தின் மேல் எடை" என்று எழுதி அதன் வலப்பக்கத்துச் செல்லில் 150 என்று போடுங்கள். ஆளோடு சேர்த்து பைக்கின் பின்பக்கம் 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். "கிலோ" என்ற சொல்லை எண்ணோடு சேர்த்து அடிக்காதீர்கள். அடித்தால் அது எண் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அடுத்த வரிசையில் பெல்ட்டின் அகலம், 28 சென்டிமீட்டர். அதற்கடுத்து, தரையில் படும் நீளம், 120 சென்டிமீட்டர். நான்காவது வரிசையில் ஒரு சமக்குறி போட்டு, அகலம் உள்ள செல்லைக் கிளிக் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறியை அடித்து, நீளம் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 3360 என்று வரும். தரையில் படும் பரப்பு இது. இதேபோல் எடையைப் பரப்பால் வகுத்தால் 0.045 கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் பனியின் மேல் 45 கிராம்தான் அழுத்துகிறது.

டயருக்கு எவ்வளவு? அதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. டயர் தரையை அழுத்தும் அளவு, அதில் உள்ள காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். பங்கில் 28 பாயிண்ட் காற்று அடித்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. பெல்ட்டைப் போல 45 மடங்கு! டயர் புதைவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முன்பக்கச் சறுக்குப் பலகையும் நமக்குப் புதிதல்ல. நாற்று நடுவதற்கு முன் சேற்றில் மாடு கட்டிப் பரம்பு அடிக்கும்போது பலகை மேல் ஆள் ஏறி நின்றாலும் அது புதையாமல் வழுக்கிக்கொண்டு போகிறதல்லவா, அதேதான்.

இதே ஷீட் எங்கள் வீட்டில் ஒரு பைக்கைக் காப்பாற்றியது. என் சித்தப்பா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம். நாற்றுக்கட்டுகளை வயலுக்குள் கொண்டுபோக பெல்ட் பைக் செய்வது அவன் புராஜெக்ட். நான்கு நண்பர்கள் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் போட்டிருந்தார்கள். பைக்? சித்தப்பாவின் 100 சிசி வண்டிதான். விடிகாலையில் பால் கேனை சொசைட்டிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான்.

"அண்ணே, ஸ்விங் ஆர்மை அறுத்து நீட்டிட்டா போதும், பின்சக்கரத்து மேலயே பெல்ட் ஓடும். அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

"சொல்றேன்டா. முதல்ல கணக்கக் காட்டு" என்றேன்.

அவன் தயாரித்த ஷீட்டில் பைக் 110 கிலோ, பெல்ட்டும் சட்டமும் 45, ஓட்டுபவர் 65, நாற்று 60, மொத்தம் 280 கிலோ. சேற்றில் எடையில் கால் பங்கு இழுவிசை வேண்டும் என்று போட்டிருந்தான். அதாவது 70 கிலோ. எஞ்சின் தருகிற 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முதல் கியரின் மொத்தக் குறைப்பு 36-ஆல் பெருக்கினால் 288. சக்கர ஆரம் 0.3 மீட்டரால் வகுத்தால் 960 நியூட்டன், அதாவது 98 கிலோ இழுவை. செயினிலும் பெல்ட்டிலும் கால்வாசி வீணாகும் என்று கழித்தால் 73. தேவை 70, இருப்பு 73. "ஓடும்ணே!" என்றான்.

அந்தக் கால் பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. எடை ஏற்றிய பலகையைச் சேற்றில் கயிறு கட்டி, நடுவில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பலகை வழுக்குவதும் பெல்ட் உருள்வதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் ஊகத்துக்கு அது எவ்வளவோ மேல். எடையில் 0.3 பங்கு வந்தது. ஷீட்டில் 0.25 இருந்த செல்லில் மட்டும் 0.3 என்று மாற்றினான். தேவை 84 ஆனது. இருப்பில் தேவையைக் கழித்த செல், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் சிவப்பாகும்படி ஏற்கெனவே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் கொடுத்து வைத்திருந்தோம். சட்டென்று சிவந்தது. அறுத்திருந்தால் வண்டி வயலில் நின்றிருக்கும். பால் கேன் வீட்டில் நின்றிருக்கும்.

அதன் பிறகு எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எக்செலின் அருமை இங்கேதான். ஒரு செல்லைத் தொட்டால் அதைச் சார்ந்த அத்தனையும் தானாக மாறும். எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தை 14 பல்லிலிருந்து 12 ஆக்கினால் இழுவை 73-லிருந்து 86 ஆகிறது. சட்டத்தில் 15 கிலோவைக் குறைத்து, நாற்றையும் பாதியாக்கினால் தேவை 71-க்கு இறங்குகிறது. செல் பச்சையானது. ஆனாலும் சித்தப்பாவின் வண்டியைத் தொடவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு எஞ்சினை வாங்கித் தனிச் சட்டத்தில் மாட்டினார்கள். சாலையில் ஓட்டுகிற பைக்கில் இப்படிக் கைவைப்பதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுக் கிட்டுகள் அறுப்பதற்கல்ல, போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதையும் இங்கே கவனியுங்கள். பனி உருகியதும் பழையபடி சக்கரத்தை மாட்டிக்கொள்ளலாம்.

பல்லைக் குறைக்கும் யோசனை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2021 டிசம்பரில் இரண்டு ஹிமாலயன் பைக்குகளைத் தென் துருவத்துக்கே ஓட்டிச் சென்றது. சந்தோஷ் விஜய்குமார், டீன் காக்ஸன் இருவரும் டிசம்பர் 16-ல் துருவத்தை அடைந்தார்கள். அந்த பைக்குகளில் முன் பல்சக்கரம் 15 பல்லிலிருந்து 13 ஆனது. பதினைந்தைப் பதின்மூன்றால் வகுத்துப் பாருங்கள், 1.15. இழுவை 15 சதவீதம் அதிகம். பின் பல்சக்கரம் மாறாதவரை அதன் எண் நமக்குத் தேவையே இல்லை. பெல்ட்டுக்குப் பதில் ஆணி பதித்த ட்யூப்லெஸ் டயர் போட்டு, காற்றை மிகக் குறைவாக வைத்து ஓட்டினார்கள். 28 பாயிண்டை 7 ஆகக் குறைத்தால் தரையில் படும் பரப்பு நான்கு மடங்காகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். ட்யூப் டயரில் இதைச் செய்தால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வு அறுந்துவிடும். உடம்பைச் சூடாக்கும் உடைகளுக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்கினார்கள்.

கடைசியாக ஒன்று. இன்றைய பைக்கினுள்ளேயும் ஒரு ஒர்க்ஷீட் இருக்கிறது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இசியு என்ற சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. அதன் நினைவகத்தில் ஒரு அட்டவணை. வரிசைகளில் எஞ்சின் வேகம், பத்திகளில் ஆக்சிலரேட்டர் அளவு, ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்ற கணக்கு. பனியில் பெல்ட்டை இழுக்கும்போது எஞ்சின் எப்போதும் பாரத்தோடு ஓடுவதால் ஸ்னோ பைக்காரர்கள் இந்த அட்டவணையை மாற்றி எழுதுகிறார்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் ஏபிஎஸ் சென்சாரும் போய்விடும், டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

காற்றின் அடர்த்தியும் இசியு கவனிக்கும் விஷயம். புதுக்கோட்டையின் 35 டிகிரி வெயிலோடு, மைனஸ் 25 டிகிரியில் உள்ள துருவக் காற்றை ஒப்பிட ஒரு செல்லில் 35, இன்னொன்றில் -25 போடுங்கள். இரண்டோடும் தனித்தனியே 273-ஐக் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். துருவம் கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கும் மேலான உயரம், அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் வந்த விடையை இரண்டால் பெருக்கி மூன்றால் வகுத்துவிடுங்கள். 0.83 வரவேண்டும். வராவிட்டால், 273-ஐக் கூட்டும் இடத்தில் அடைப்புக்குறி போட்டீர்களா என்று பாருங்கள்.