ஜவ்வாது மலையும் ‘ஃபால்ஸ்’ என்ற பதிலும்

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைக் கும்பிடப் போகிறவர்கள், பின்னால் நிற்கும் ஜவ்வாது மலையை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். மேலே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கோ எஸ்.டி. சான்றிதழ்தான் படிப்பு, வேலை எல்லாம். ஏஐ வந்துவிட்டால் சான்றிதழுக்கான அலைச்சல் தீரும் என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. அதற்கு முன் ஏஐயின் பாட்டனைக் கேட்டுவிடலாம். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் அலென் கோல்மரோவர் குழு உருவாக்கிய புரோலாக் என்ற நிரல்மொழி அது.

ஒரு கோப்பில் ஒவ்வொரு வரியாகத் தட்டி முற்றுப்புள்ளி வைத்து, அதைப் புரோலாக்கில் ஏற்றினால் போதும். தமிழிலேயே தட்டலாம், மாறிக்கு (வேரியபிள்) மட்டும் முன்னால் அடிக்கோடு வேண்டும். ‘:-’ என்றால் ‘எனில்’.

மலையாளி(மாரி).
ஊர்(மாரி, ஜமுனாமரத்தூர்).
மாவட்டம்(ஜமுனாமரத்தூர், திருவண்ணாமலை).
பட்டியலில்(வடஆற்காடு).
பழங்குடி(_அ) :- மலையாளி(_அ), ஊர்(_அ, _இ), மாவட்டம்(_இ, _உ), பட்டியலில்(_உ).

மாரி பழங்குடியா என்று கேட்டால் ‘ஃபால்ஸ்’ என்கிறது. காரணம், மலையாளி மக்களை மாவட்டம் குறிப்பிட்டுச் சேர்த்திருக்கும் எஸ்.டி. பட்டியலில் இருப்பது பழைய வடஆற்காடு. 1989-இல் அது பிரிந்தபோது, ஒரு பாதிக்குப் படவேட்டை ஆண்ட சம்புவராயர் பெயரைச் சேர்த்தார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றை யாராவது இன்னொரு வரியாகச் சேர்க்கும்வரை மாரி பழங்குடி இல்லை. ஈரோட்டின் பர்கூர் மலையிலும் மலையாளி மக்கள் உண்டு. அது பழைய கோயம்புத்தூர் மாவட்டம். பட்டியலில் கோயம்புத்தூரே இல்லை. அவர்களுக்கும் ‘ஃபால்ஸ்’தான்.

ஒன்று மறதி, இன்னொன்று சட்டம். இரண்டுக்கும் ஒரே பதில்!

அந்த ‘ஃபால்ஸ்’ சொல்வது ‘என்னிடம் உள்ள வரிகளால் நிரூபிக்க முடியவில்லை’ என்பதை மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், ‘மலையாளி’ பற்றி ஒரு வரிகூடத் தராமல் கேட்டால், அப்படி ஒன்றே தனக்குத் தெரியாது என்று பிழைச்செய்தி காட்டுகிறது. ஒரே ஒரு ஆளின் பெயரைத் தட்டிவிட்டாலோ, மலையில் மிச்சமுள்ள அத்தனை பேரையும் கூசாமல் மறுக்கிறது. முழு அறியாமையில் இருக்கும் நேர்மை அரைகுறை அறிவில் இல்லை. பிறப்புச் சான்று, பழைய பள்ளிப் பதிவு என்று ஏதோ ஒரு காகிதம் இல்லாத குடும்பத்தை இந்த மாதிரி இயந்திரத்தின் முன் நிறுத்தப்போகிறோமே என்பதுதான் என் கவலை.

இயந்திரம் ஆள் பார்க்காது, கை நீட்டாது என்பார்கள். சரிதான், ஆனால் மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

புரோலாக்கில் ‘ட்ரேஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரியில் வழி அடைபட்டது என்பதைப் படிப்படியாகக் காட்டிவிடும். சான்றிதழ் வேலையை ஏஐயிடம் ஒப்படைப்பதானால், மறுப்போடு அந்தத் தடத்தையும் தமிழில் அச்சிட்டு மாரியின் கையில் கொடுக்கட்டும்.