நாளிதழ் சித்திரத் தொடர்கள்: நினைவில் நிற்பவை யாருக்குச் சொந்தம்? ஒரு விளக்கம்

நாளிதழ் வீட்டுக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வர். உள்பக்கத்தின் ஒரு மூலையில் இருக்கும் மூன்று அல்லது நான்கு கட்டங்களைச் சிறுவர்கள் தேடுவர். இப்படி வளர்ந்த தலைமுறைகள் இந்தியாவின் எல்லா மொழிகளிலும் உண்டு. பெயர்கள் மட்டுமே மாறும். மராத்தியில் சிண்டு, மலையாளத்தில் போபனும் மோளியும், வங்க மொழியில் அரண்யதேவ், இந்தியில் டப்பூஜி, தமிழில் கன்னித்தீவின் சிந்துபாத்.

இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் முகம் மலர்வதைக் காணலாம். ஆனால் அந்தச் சித்திரங்களை மீண்டும் பார்க்க விரும்பினால் எங்கே தேடுவது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. நாளிதழ் மறுநாளே பழைய காகிதமாகிவிடும் பொருள். அதில் வந்த சித்திரமும் அதனுடனேயே எடைக்குப் போனது. அவற்றில் எவை தப்பிப் பிழைத்தன, எப்படித் தப்பின, அவற்றின் மீது யாருக்கு உரிமை என்பன இன்று நடைமுறை சார்ந்த கேள்விகளாகிவிட்டன.

முதலில் ஒரு சிறு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். 1951-ஆம் ஆண்டு முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த 'சாமானிய மனிதர்' ஒரே கட்டத்தில் முடியும் கேலிச்சித்திரம். அன்றைய செய்தியே அதன் கரு. சித்திரத் தொடர் அப்படியன்று. அதற்குக் கட்டங்கள் உண்டு. நிலையான கதைமாந்தர் உண்டு. நாளை என்ற ஒன்றும் உண்டு. பெரியவர்களுக்குரிய நாளிதழுக்குள் சிறுவர்களை அழைத்து வந்தது இந்த 'நாளை'தான் எனலாம்.

புணேயின் சிறுவன்

இந்திய மொழி நாளிதழ் ஒன்றில் நாள்தோறும் வெளிவந்து ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவத்தோடு கலந்துவிட்ட தொடருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மராத்தியின் 'சிண்டு'. புணேயிலிருந்து வெளிவரும் சகாள் நாளிதழில் 1991 நவம்பரில் அது தொடங்கியது. சாருஹாஸ் பண்டித், பிரபாகர் வாடேகர் ஆகிய இருவரும் இணைந்து அதனை உருவாக்கினர். சாதாரண நடுத்தரக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், அவனுடைய அப்பா, அம்மா, நண்பர்கள், பள்ளி, தேர்வு, விளையாட்டு ஆகியவையே அதன் உலகம். சாகசம் இல்லை, மந்திரம் இல்லை, வில்லன் இல்லை.

வெளிநாட்டுச் சிறுவர் தொடர்களைப் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு அதில் ஒரு புதுமை இருந்தது. அந்தச் சிறுவன் தங்கள் தெருவிலேயே இருக்கக்கூடியவன். அமெரிக்கச் சிறுவன் பனிமனிதன் செய்வதைப் படித்து ரசித்த மகாராஷ்டிரக் குழந்தை, தன் வீட்டுக் கூடத்தையும் தன் ஊர் மழையையும் நாளிதழில் பார்த்தது. பிற்பாடு லோக்சத்தா நாளிதழிலும் வெளிவந்த இத்தொடர், புத்தகத் தொகுப்புகளாகவும் வந்தது. 2012-இல் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. நாளிதழோடு அழியாமல் சிண்டு தப்பியதற்குக் காரணம் இந்தத் தொகுப்புகளே.

கேரளத்தின் இரண்டு பாதைகள்

கேரளத்தில் இந்தக் கலை வார இதழ்களின் கடைசிப் பக்கத்தில் வளர்ந்தது. வி.டி.தாமஸ் என்ற இயற்பெயர் கொண்ட டோம்ஸ், 1957 முதல் மலையாள மனோரமா வார இதழில் 'போபனும் மோளியும்' தொடரை வரைந்தார். குறும்புக்கார அண்ணனும் தங்கையும், அவர்களுடைய வழக்கறிஞர் தந்தை, ஊராட்சித் தலைவர், அவருடைய மனைவி எனக் கிராமம் முழுவதும் அதில் இடம்பெற்றது. தம் வீட்டின் அருகே வாழ்ந்த இரு சிறுவர்களின் பெயர்களையே தம் பாத்திரங்களுக்கு அவர் சூட்டினார். இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் வழக்கத்தை மலையாளிகளிடையே ஏற்படுத்தியவர் என்று இன்றும் அவர் நினைவுகூரப்படுகிறார். இந்தி வார இதழான தர்மயுக்கில் ஆபித் சுர்தி வரைந்த டப்பூஜி பற்றியும் இதையே சொல்வார்கள். ஆசிரியர்கள் முதல் பக்கத்துக்காகப் படும் பாட்டை நினைத்தால் சற்று இரக்கமாகவே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றவர் ஜி.அரவிந்தன். பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான அவர், ரப்பர் வாரியத்தில் பணியாற்றிக்கொண்டே 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' என்ற தொடரை வரைந்தார். சிறிய மனிதர்களும் பெரிய உலகமும் என்பது அதன் பொருள். பொதுவாகச் சித்திரத் தொடரின் சிறுவனுக்கு வயது ஏறுவதில்லை. போபனும் மோளியும் பல்லாண்டுகளாகப் பள்ளிச் சிறுவர்களாகவே இருந்தனர். அரவிந்தனின் ராமு அப்படியில்லை. வேலையில்லாத நேர்மையான இளைஞனாக அறிமுகமாகி, ஆண்டுகள் செல்லச் செல்லப் பணமும் பதவியும் சேர்த்து, தொடக்கத்தில் எதை வெறுத்தானோ அதுவாகவே மாறுகிறான். வாசகர்களும் அவனோடு சேர்ந்து வயதானார்கள். இந்தியாவில் வெளிவந்த சித்திரத் தொடர்களில் பெரியவர்கள் மறுபடி படிப்பதற்கு மிகவும் தகுதியுடையது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இது நூலாகத் தொகுக்கப்பட்டதால்தான் இன்றும் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

இறக்குமதியான வீரர்கள்

உள்ளூர்த் தொடர்கள் ஒருபுறமிருக்க, நாளிதழ்களின் பெரும்பாலான இடத்தை நிரப்பியவை வெளிநாட்டுத் தொடர்களே. இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. அமெரிக்காவின் கிங் ஃபீச்சர்ஸ் போன்ற சிண்டிகேட் நிறுவனங்கள் ஒரே சித்திரத்தை உலகம் முழுவதும் உள்ள பல நாளிதழ்களுக்கு விற்றன. வரைபவரின் ஊதியம் பல நாடுகளிடையே பகிர்ந்துகொள்ளப்படுவதால், ஒரு நாளிதழ் செலுத்த வேண்டிய தொகை குறைவு. உள்ளூர் ஓவியர் ஒருவரை நியமித்து நாள்தோறும் வரையச் செய்வதைவிட இது மலிவு. செய்தி முகமைகள் இயங்கும் முறையும் ஏறத்தாழ இதுதான்.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களுள் பிராண் குமார் சர்மா முக்கியமானவர். 1960-இல் தில்லியின் மிலாப் நாளிதழில் 'டாபு' என்ற தொடரைத் தொடங்கிய அவர், 1971-இல் லோட்போட் என்ற இந்திச் சிறுவர் இதழுக்காகச் சாச்சா சௌத்ரியைப் படைத்தார். சிவப்புத் தலைப்பாகையும் வெள்ளை மீசையும் கொண்ட அந்த முதியவர், முகமூடி அணிந்த வீரர்களுக்கு வட இந்தியா அளித்த பதில். ஆங்கில நாளிதழ்களில் மஞ்சுளா பத்மநாபன் 1982 முதல் பம்பாயின் சண்டே அப்சர்வரில் சுகி என்ற இளம்பெண்ணை நாயகியாகக் கொண்டு வரைந்தார். ஆண்களே நிறைந்திருந்த அந்தக் கட்டங்களுக்குள் தனக்குத்தானே வாதிட்டுக்கொள்ளும் ஒரு பெண் வந்தது அன்று அரிய நிகழ்வு.

ஆயினும் வெளிநாட்டு வீரர்களும் நெடுநாள் வெளிநாட்டவராக இருக்கவில்லை. மொழிபெயர்ப்பு அவர்களை உள்ளூர்க்காரர்கள் ஆக்கியது. லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேண்டமுக்கு 'நடமாடும் ஆவி' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைப் பற்றிக்கொண்ட இந்தி மொழிபெயர்ப்பாளர்கள் விக்கிரமாதித்தன் கதையை நினைவூட்டும் விதமாக அவரை வேதாள் ஆக்கினர். வங்க மொழியில் அவர் காட்டின் தெய்வமாக, அரண்யதேவ் ஆனார். தமிழில் முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு அவர் வேதாளர். ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு மாயாவி. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மூலத்தில் ஃபேண்டமின் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவுபடுத்துவதாக இருந்ததால் அது டென்காலி என மாற்றப்பட்டது. சிங் என்ற பெயர் கொண்ட கடற்கொள்ளையர் கூட்டம் சிங்கா ஆனது. வாசகர் மனம் புண்படக்கூடும் என்ற எச்சரிக்கையைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இதில் வேறொரு சிக்கலும் புலப்படும். பேச்சுக் குமிழியின் அளவு ஆங்கிலத்துக்காக வரையப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொற்களில் முடிவது இந்திய மொழிகளில் குமிழியைத் தாண்டி வழியும். சொற்களைக் குறைத்தால் நகைச்சுவை கெடும். எழுத்தைச் சிறிதாக்கினால் மலிவான காகிதத்தில் மை கசிந்து படிக்க முடியாது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்றும், இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்றும் தேர்ந்தாக வேண்டும். காட்டுவாசித் தலைவரிடம் வீரர் எப்படிப் பேசுகிறார், மனைவி கணவரை எப்படி விளிக்கிறார் என்பதையெல்லாம் மூல ஆசிரியர் தீர்மானிக்கவில்லை. பெயர் அச்சிடப்படாத ஒரு மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்தார். நாம் இன்று நினைவில் வைத்திருக்கும் வேதாளரின் குணத்தில் ஒரு பகுதி அந்தப் பெயரற்றவர் அளித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

டோம்ஸ் 1987-இல் மனோரமாவிலிருந்து விலகியபோது ஒரு கேள்வி எழுந்தது: போபனும் மோளியும் யாருடையவர்கள்? வார இதழ் அவர்களைத் தொடர்ந்து வெளியிட விரும்பியது. அவர்களைப் படைத்தவர் வேறு இதழில் வரைய விரும்பினார். வழக்கு கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. பணியிலிருந்து விலகிய பின் ஓவியர் புதிதாக வரையும் சித்திரங்களில் முன்னாள் நிறுவனம் உரிமை கோர முடியாது, அவர் தம் பாத்திரங்களைத் தொடர்ந்து வரையலாம் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. பதிப்புரிமை பற்றிய பாடங்களில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதழ்ப் பணியாளர்களுக்கெனத் தனி விதி வகுத்துள்ளது. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியிலிருக்கும் ஓவியர் இதழுக்காக வரைந்ததை இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு உண்டு. நூலாக்குவது உள்ளிட்ட பிற உரிமைகள் ஓவியருக்கே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால் நிலைமை மாறும் என்பதை மறக்கக்கூடாது. உரிமைக்காலம் படைத்தவரின் வாழ்நாளும் அவர் மறைந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளும் ஆகும். 2014-இல் மறைந்த பிராணின் சித்திரங்கள் 2074 முடியும்வரையிலும், 2015-இல் மறைந்த லக்ஷ்மணின் சித்திரங்கள் 2075 முடியும்வரையிலும், 2016-இல் மறைந்த டோம்ஸின் சித்திரங்கள் 2076 முடியும்வரையிலும் பாதுகாக்கப்பட்டவை. பழைய இதழ்களைச் சேகரித்து வைத்திருக்கும் ஆர்வலர் ஒருவர் அவற்றை ஒளிவருடி இணையத்தில் ஏற்றினால், அன்பினால் செய்த போதிலும் அது உரிமைமீறலே. உரிமை வைத்திருப்பவர் வெளியிடாமலிருந்தால், வாசகருக்கு முறையான வழி எளிதில் கிடைப்பதில்லை. நினைவுக்கும் சட்டத்துக்கும் இடையிலான உண்மையான இழுபறி இங்கேதான்.

இடம் சுருங்கிய கதை

இந்திரஜால் காமிக்ஸ் 1990-இல் நின்றது. பல்லாண்டுகள் ஃபேண்டமை வெளியிட்ட இல்லஸ்டிரேட்டட் வீக்லி 1993-இல் நின்றது. தனியார் தொலைக்காட்சி பெருகிய காலமும் அதுவே. நாளிதழ்களில் தொடர்கள் அதற்குப் பின்னும் நீடித்தன. ஆனால் காகிதத்தின் விலை ஏறும்போதெல்லாம் முதலில் கத்தரிக்கப்படும் பகுதியாக அவை இருந்தன. 2019-இல் செய்தித்தாள் காகிதத்தின் மீது 10 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டு, 2020-இல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தொற்று வந்தது. விளம்பரங்கள் குறைந்தன, பக்கங்களும் குறைந்தன. விலக்குகளும் உண்டு. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு தலைமுறைகளைக் கடந்தும் முடியவில்லை. சிந்துபாத் எப்போது வீடு திரும்புவார் என்பது தமிழ்நாட்டில் பழமொழி போலவே ஆகிவிட்டது.

மீண்டும் பார்க்க விரும்புவோருக்குச் சில வழிகள் உள்ளன. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் 1956 திருத்தத்தின் மூலம் நாளிதழ்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதன்படி வெளியீட்டாளர்கள் பொது நூலகங்களுக்குப் படிகளை அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகமும் சென்னை கன்னிமாரா நூலகமும் இச்சட்டத்தின்கீழ் வருபவை. பெங்களூருவில் இந்தியக் கேலிச்சித்திரக் கலைஞர்கள் நிறுவனமும், கேரளத்தின் காயங்குளத்தில் சங்கர் நினைவு அருங்காட்சியகமும் ஓவியங்களைக் காட்சிப்படுத்துகின்றன. எனினும் செய்தித்தாள் காகிதம் மரக்கூழில் உள்ள லிக்னினை நீக்காமல் தயாரிக்கப்படுவது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, மடிப்புகளில் ஒடியும். நூலகத்துக்குச் செல்வோர் இதழின் பெயரையும் தோராயமான ஆண்டையும் குறித்துக்கொண்டு செல்வது நல்லது. அட்டவணைகள் தேதிவாரியாக இருக்கும், கதைமாந்தரின் பெயரில் இருப்பதில்லை. பரணில் பழைய இதழ்க் கட்டுகள் வைத்திருப்போர், அவற்றைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, நேரடி வெயில் படாத உலர்ந்த இடத்தில் மடிக்காமல் விரித்து வைக்கலாம்.