வேலியோரம் – 9: ஒடிந்த முனையைப் பாருங்கள்

மக்காச்சோளக் கதிரில் பால் ஏறுகிற மார்கழியில் எட்டயபுரத்துப் பக்கம் ஒரு புஞ்சையில் வேலி சாய்ந்து கிடந்தால் விசாரணையே கிடையாது. "பன்னிதான் அண்ணாச்சி, வேற யாரு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காட்டுப்பன்றித் தொல்லை பொய்யில்லை. பழைய சேலைகளை வரப்போரம் கட்டிவிட்டு ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக் காவல் இருப்பவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் கீழே கிடக்கிற வேலிக்காலைக் கையில் எடுத்து, ஒடிந்த முனையைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு.

பன்றி மரத்தைத் தின்னாது. முட்டும், உரசும், அடிமண்ணை மூக்கால் கிளறி நுழையும். சேற்றில் புரண்டுவிட்டு வந்து உரசியிருந்தால் முழங்கால் உயரத்தில் சேறு அப்பியிருக்கும், அதில் முரட்டு மயிர் ஒட்டியிருக்கும். ஒடிந்த முனை வெளுப்பாக, நார் நாராகப் பிளந்திருந்தால் பன்றியோ மாடோ தள்ளித்தான் ஒடிந்தது. முனை பழுப்பேறி, உள்ளே மண் அடைத்து, ஏடு ஏடாக அரித்துப்போயிருந்தால், அந்தக் கால் பன்றி வருவதற்குப் பல மாதம் முன்பே செத்துவிட்டது. பன்றி அதன்மேல் சாய்ந்தது, அவ்வளவுதான்.

அரித்தது கரையான். தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே, ஒரு சாண் கீழே. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அது வேலையைக் காட்டும். ஈரம், இருட்டு, மரம் மூன்றும் அங்கேதான் ஒன்றாகக் கிடைக்கின்றன. கரிசல் மண் இதற்குத் துணைபோகிறது. இதில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வருடாவருடம் இப்படி உப்பிச் சுருங்குவதில் காலைச் சுற்றி மண் விலகி இடைவெளி விழுகிறது. அடுத்த மழைத் தண்ணீர் அந்த வழியாகக் காலோரம் இறங்கி நிற்கிறது. முதலில் பூஞ்சை பிடித்து மரம் இற்றுப்போகிறது. கரையானும் வந்து சேர்கிறது. எந்தப் பூச்சியும் தொடாமல், மண் அசைவதாலேயே சாய்கிற கால்களும் உண்டு.

பட்டைமேல் அப்பியிருக்கும் மண்பூச்சை ஒரு குச்சியால் சுரண்டிப் பாருங்கள். வெளிறிய வேலைக்காரக் கரையான்கள் வெளிச்சம் பட்டதும் உள்ளே ஓடும். தலை பெருத்த சிப்பாய்கள் தாடையை விரித்துக்கொண்டு உடைப்புக்கு வந்து நிற்கும். மறுநாள் காலையில் உடைப்பு ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் கூட்டம் இன்னும் அங்கே இருக்கிறது. வயல்களில் புற்றெடுக்கிற இந்த வகை, தின்ற மரத்தைப் புற்றுக்குள் கொண்டுபோய் அதன்மேல் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடுகிறது. மழைக்கு முளைக்கிற புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையிலிருந்து வருவதுதான். ஒரு வேலிக்காலைச் சுற்றி மருந்து ஊற்றினால் புற்று ஒழியாது. வேறு வழியாக அடுத்த காலுக்குப் போகும்.

சீமைக்கருவேலங்கால் நட்டவர்களின் குறை வேறு மாதிரி. வெட்டி நட்டுச் சில மாதம்கூட ஆகாமல் கட்டையிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டும், குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரியும். இது உளுத்துப்போவது. துளைப்பான் வண்டின் புழு, பட்டைக்கு அடியில் இருக்கும் வெளுப்பான இளமரத்தில் மாவுச்சத்தைத் தேடித் தின்கிறது. நடு வைரத்தை அதிகம் தொடாது. நாம் பார்க்கிற ஓட்டைகள் பலவும் வண்டு வெளியேறிய வாசல்கள். தூளைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். புதுத்தூள் இல்லையென்றால் பூச்சி போயிருக்கலாம், உடனே மருந்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. மரங்கொத்தி ஒரு காலையே விடாமல் கொத்துகிறது என்றால் உள்ளே புழு இருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

விரல் நுழைகிற அளவுக்கு, கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமான ஓட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. அது கருவண்டின் வீடு. உண்மையில் அது ஒரு பெரிய தேனீ. மரத்தைத் தின்பதில்லை, குடைந்து, மகரந்தத்தை உருட்டி வைத்து, முட்டையிட்டு, மரத்தூளால் அறை அறையாகத் தடுத்துக்கொள்கிறது. அதே ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற வழக்கத்தை நாம் விடவேண்டும். துவரம்பூவிலும் சணப்பம்பூவிலும் கனத்த உடம்போடு உட்கார்ந்து இதழைத் திறந்து மகரந்தம் சேர்ப்பதில் இது தேர்ந்தது. ஊடுபயிராகத் துவரை போடுகிற ஊரில் ஒரு வேலிக்காலை அதற்கு விட்டுக்கொடுத்தால் நட்டமில்லை.

ஆளை மாற்றிப் பிடித்தால் மருந்துச் செலவு மட்டும் வீண் என்று நினைக்காதீர்கள். பன்றி என்று முடிவுகட்டி, வேலிக் கம்பியில் மின்சாரத்தைக் கொடுத்து ஆட்களும் ஆடுமாடுகளும் செத்த செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. பன்றி வந்ததற்குத் தடயம் இருந்தால் வனத்துறையிடம் புகார் கொடுங்கள், கம்பியைத் தொடாதீர்கள்.

புதுக்கால் நடுகிறவர்கள் பட்டையை உரித்துவிட்டு நடுங்கள். பட்டைக்கடியில்தான் வண்டும் கரையானும் மறைந்து வேலை செய்கின்றன. கண்மாய்த் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து உளுப்பது குறையும். அடியைக் கருக்கி நடுகிற பழக்கத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்; கருகிய தோல் வெடித்தால் கரையானுக்கு வழி திறந்துவிடும். குழியில் கரிசலையே திரும்பப் போட்டு மிதிக்காமல் சரளை போட்டு இறுக்குங்கள். வேலங்கால், பனையின் வெளி வைரம் கிடைத்தால் விடாதீர்கள்.

கிளுவைப் போத்தை ஊன்றி வேலியையே உயிரோடு வளர்க்கிறவர்களைப் பற்றி அடுத்த வாரம்.