மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் வணிகப்பெயர்ப் பற்றும் போட்டியும்

ஒரே நிறுவனத்தின் பொருளையே திரும்பத் திரும்ப வாங்குவதும், பிறருக்கும் அதையே பரிந்துரைப்பதும், அதைக் குறை கூறுவோரிடம் வாதிடுவதும் வணிகப்பெயர்ப் பற்று எனப்படும். திருநெல்வேலியில் இன்ன கடை அல்வாதான் வேண்டும் என்று வரிசையில் நிற்பவர்களிடம் காணப்படுவதும் இதுவே. ஆனால் அல்வா ஒரு நாளில் தீர்ந்துவிடும். மோட்டார் சைக்கிள் பத்து, இருபது ஆண்டுகள் வீட்டு வாசலில் நிற்கும். ஓட்டுபவரை ஊரே பார்க்கும். எனவே மோட்டார் சைக்கிள் மீதான பற்று மற்றப் பொருள்களின் மீதான பற்றைவிட ஆழமாக வேர்விடுகிறது. அதனுடன் போட்டியும் சேர்ந்தே வளர்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பற்று எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது, அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்: புல்லட்டும் ஜாவாவும்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932ஆம் ஆண்டளவில் 'புல்லட்' என்ற பெயரை அறிமுகம் செய்தது. இந்திய அரசு படைக்கும் காவல்துறைக்கும் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. சென்னை திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிபாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் எல்லா உதிரிபாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. தாய் நிறுவனம் மறைந்த பிறகும் அதன் வண்டி சென்னையில் உருவாகிக்கொண்டே இருந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 'நம் ஊர் வண்டி' என்ற பெருமை புல்லட்டுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

அதன் எதிரணியில் நின்றது ஜாவா. செக்கோஸ்லோவாகியாவில் 1929இல் தோன்றிய இந்நிறுவனத்தின் பெயர் யானெச்செக், வாண்டரர் என்ற இரு பெயர்களின் முதல் எழுத்துகளால் ஆனது. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் இவ்வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1970களில் அவை 'யெஸ்டி' என்ற பெயரில் வந்தன. மூன்றாவதாக, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் இருந்தது. தொழில் உரிமக் கட்டுப்பாடு நிலவிய அந்தக் காலத்தில், மோட்டார் சைக்கிள் வாங்க விரும்பியவர் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

பற்றுக்கு அடிப்படை: காலும் பட்டறையும்

அக்காலப் பற்றுக்கு உணர்ச்சியைவிட நடைமுறைக் காரணங்களே அதிகம். முதற்காரணம் ஓட்டுபவரின் கால். பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பின்சக்கர பிரேக் இடது காலிலும் இருந்தன. ஜாவாவில் கியர் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம். மேலும் ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி. அதை உட்பக்கம் தள்ளித் திருப்பி உதைத்தால் என்ஜின் இயங்கும். கீழே மடக்கினால் அதுவே கியர். ஒன்றில் பழகிய கால் மற்றொன்றில் தடுமாறும். அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடும் ஆபத்தும் உண்டு. எனவே பழகிய வண்டியை மாற்றப் பலரும் தயங்கினர்.

இரண்டாவது காரணம் மெக்கானிக். புல்லட் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். ஜாவா டூ ஸ்ட்ரோக் என்ஜின், பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இரண்டின் பழுதும் வேறு, மருத்துவமும் வேறு. புல்லட்டுக்குப் பேர்போன பட்டறை, ஜாவாவுக்குப் பேர்போன பட்டறை என்று ஊருக்கு ஊர் தனித்தனியே உருவாயின. ஓசையைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக் கிடைத்துவிட்டால், வண்டிக்காரர் அவரை விட்டு நீங்க மாட்டார். ஆகவே வண்டியின் மீதுள்ள விசுவாசம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு, அவ்வண்டியை அறிந்த மனிதர்கள் மீதுள்ள நம்பிக்கையே ஆகும்.

மேலப்பாளையத்திலிருந்து ஓர் ஒப்புமை

திருநெல்வேலி மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்றான மேலப்பாளையம், கைத்தறி நெசவுக்கும் கால்நடைச் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர். சந்தையில் மாடு வாங்குபவர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குபவரும் இதையே செய்கிறார். குளிர்ந்த என்ஜினை உதைத்து இயக்குவார், சைலன்சர் புகையின் நிறம் பார்ப்பார், செயினையும் ஸ்பிராக்கெட் பற்களையும் தொட்டுப் பார்ப்பார், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுவார்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாடு வாங்குபவர் குறிப்பிட்ட இனத்தை விரும்பினாலும், எதிரே நிற்கும் மாட்டைத்தான் சோதிக்கிறார். வண்டிப் பற்று முற்றியவரோ பெட்ரோல் டாங்கின் மேலுள்ள பெயரைப் பார்த்ததுமே சோதனையை நிறுத்திவிடுகிறார். பற்று பயன்தரும் எல்லையும் தீங்கு தொடங்கும் எல்லையும் சந்திக்கும் இடம் இதுவே.

ஜப்பானியக் கூட்டும் புதிய அணிகளும்

1980களில் அரசு வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்புக்கு வழிவிட்டதும் நிலைமை மாறியது. ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி 1984இல் 100 சிசி வண்டியைக் கொண்டுவந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, எஸ்கார்ட்ஸ் வழியாக யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவை வந்தன. சிடி 100 மைலேஜுக்குப் புகழ்பெற்றது. எடை குறைந்த ஆர்.எக்ஸ். 100 சீறிப் பாயும் வேகத்துக்குப் புகழ்பெற்றது. சிக்கனம் ஓரணி, வேகம் ஓரணி, கம்பீரம் ஓரணி என வாங்குபவர்கள் பிரிந்தனர். வண்டியின் பெயர், ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லும் அடையாளமாகத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் திருநெல்வேலிச் சீமைக்கும் பங்குண்டு. டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்த ஊர் திருக்குறுங்குடி. அக்குழுமத்தின் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும், பின்னர் வந்த எக்ஸ்எல் வகைகளும் தமிழ்நாட்டுச் சிறு வியாபாரிகளின் வண்டியாயின. மூட்டை ஏற்றிச் செல்பவருக்கு அதுவே பிழைப்பு. ஆயினும் யாரும் அதை வைத்துக் 'கெத்து' காட்டுவதில்லை. வாதப்போரில் பெயர் அடிபடாமலே தலைமுறைகள் கடந்து தொடரும் இத்தகைய பற்றும் உண்டு என்பதற்கு இது சான்று.

'நாம்', 'அவர்கள்': உளவியல் விளக்கம்

வண்டியை வாங்கும் முன்பு மனிதர் பல வண்டிகளை ஒப்பிடுகிறார். வாங்கிய பிறகு தம் தேர்வு சரிதான் என்று தமக்கே நிறுவிக்கொள்ள முயல்கிறார். அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட கோட்பாடு இதனை விளக்குகிறது. செய்துவிட்ட முடிவுக்கு முரணான செய்தி மனத்துக்கு உறுத்தலாகிறது. அந்த உறுத்தலைக் குறைக்க மனம் சாதகமான செய்திகளைத் தேடுகிறது. அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகக் கார் வாங்கியவர்கள் தாம் வாங்கிய காரின் விளம்பரங்களையே அதிகம் படித்தது தெரியவந்தது. தாம் வாங்க எண்ணிக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களை அவர்கள் அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

போட்டிக்கான விளக்கம் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளரின் சோதனையில் கிடைக்கிறது. 1970இல் வெளியான அச்சோதனை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. இரண்டு ஓவியர்களுள் யாருடைய படம் பிடிக்கும் என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லி மாணவர்கள் இரு குழுக்களாக்கப்பட்டனர். பிறகு மற்ற மாணவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது, தம் குழுவுக்கே அதிகம் தந்தனர். தம் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட அதிகம் கிடைக்க வேண்டும் என்று பலர் எண்ணினர். ஓவியத்தின் பெயரால் இவ்வளவு நடக்குமானால், தன் பணம் போட்டு வாங்கிய வண்டியின் பெயரால் நடப்பதில் வியப்பில்லை.

2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முனிஸ், ஓகின் இருவரும் இத்தகைய குழுக்களுக்கு மூன்று இயல்புகளைக் கூறினர்: 'நாம் ஓரினம்' என்ற உணர்வு, பொதுவான சடங்குகளும் கதைகளும், ஒருவருக்கொருவர் உதவும் கடமை. புல்லட் ஓட்டிகள் எதிரே வருபவருக்குக் கையசைப்பதும், வழியில் நின்றுபோன வண்டிக்கு அருகில் நிறுத்தி விசாரிப்பதும் இந்த இயல்புகளைக் காட்டுகின்றன.

விளம்பரப் போர்

நிறுவனங்கள் இந்த மனநிலையை நன்கு அறியும். 2017இல் பஜாஜ் நிறுவனம் தன் டோமினார் வண்டிக்காக வெளியிட்ட விளம்பரங்களில், தலைக்கவசம் அணிந்தவர்கள் யானைகளின் மேல் அமர்ந்து மெல்ல அசைந்து வந்தனர். 'யானை வளர்க்காதீர்கள்' என்பது இந்தியில் சொல்லப்பட்ட அறிவுரை. போட்டி நிறுவனத்தின் பெயர் எங்கும் வரவில்லை. எனினும் குறி புல்லட் வகை வண்டிகளே என்பது பார்த்தவர்களுக்கு விளங்கியது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்பது தமிழருக்கும் பழக்கமான பேச்சுதான். இந்தக் கேலியால் ராயல் என்ஃபீல்டு ஓட்டிகள் கட்சி மாறிவிடவில்லை. பதில் காணொளிகளை வெளியிட்டு மேலும் ஒன்றுபட்டனர்.

நிறுவனங்களின் போட்டி நீதிமன்றத்தையும் எட்டியது. இரட்டை ஸ்பார்க் பிளக் தொழில்நுட்பக் காப்புரிமை தொடர்பாக பஜாஜுக்கும் டி.வி.எஸ். நிறுவனத்துக்கும் 2007இல் எழுந்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீண்ட காலம் கழித்து 2019இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. முதலாளிகள் கைகுலுக்கிய பிறகும் தேநீர்க் கடைகளில் பல்சரா அப்பாச்சியா என்ற வாதம் தொடர்கிறது.

நன்மைகள்

பற்று ஒரு தொழிலையே காப்பாற்றுவது உண்டு. 1990களில் ஐஷர் குழுமத்தின் கைக்குச் சென்ற ராயல் என்ஃபீல்டு, 2000ஆம் ஆண்டளவில் மூடப்படலாம் என்ற நிலைக்கு வந்தது. விற்பனை குறைந்திருந்தது, ஆனால் வைத்திருந்தவர்கள் விடவில்லை. அந்தப் பற்றே மீண்டெழுவதற்கான மூலதனமாயிற்று. புதிய அலுமினிய என்ஜின் வந்தபோதும், கியர் இடப்பக்கம் மாறியபோதும் பழைய ஓட்டிகள் முணுமுணுத்தனர். எனினும் புதிய வண்டிகளால் நிறுவனம் வளர்ந்தது. 2013இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது.

ஜாவா ஓட்டிகளின் கதை வேறு. மைசூர்த் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. உதிரிபாகம் செய்ய நிறுவனமே இல்லாத நிலையிலும் ஓட்டிகள் பழைய பாகங்களைத் தேடிப் பரிமாறி, தெரிந்த மெக்கானிக்குகளை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து, வண்டிகளை ஓடவைத்தனர். சூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைப் பன்னாட்டு ஜாவா நாளாகக் கொண்டாடினர். 2018இல் ஜாவா என்ற பெயர் இந்தியச் சந்தைக்குத் திரும்பியதற்கு, அந்த நினைவு அழியாமல் இருந்ததே அடிப்படை.

பற்றின் விலை

தீமைகள் மூன்று. முதலாவது பணம். வேலைக்குச் சென்றுவரச் சிறு வண்டி போதும் என்ற நிலையில், நண்பர்கள் மதிக்கும் பெயருக்காகத் தவணையில் பெரிய வண்டி எடுக்கப்படுகிறது. குடும்பம் கட்ட வேண்டிய தொகையில் பெட்ரோலும் காப்பீடும் சேரும். 2007இல் வெளியான 'பொல்லாதவன்' திரைப்படம், திருடுபோன ஒரு பல்சர் வண்டியைச் சுற்றியே அமைந்தது. நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கு வண்டி என்னவாக இருக்கிறது என்பதை அது காட்டியது.

இரண்டாவது குறைகளை மறைத்தல். ஆயில் ஒழுகுவதையும் பிரேக் தளர்வையும் 'இந்த வண்டிக்கு இது சகஜம்' என்று பெருமையாகச் சொல்லும்போது, பாதுகாப்புக் குறை பழக்கமாகிவிடுகிறது.

மூன்றாவதும் கொடியதுமானது பந்தயம். எது வேகம் என்ற வாதத்தை நான்குவழிச் சாலையில் தீர்க்க முனைபவர்கள் உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். எந்த நிறுவனத்தின் வண்டியும் இந்தக் கணக்குக்கு விலக்கு அன்று. பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். 18 வயது நிரம்பாதவரிடம் வண்டியைத் தந்து குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள்

முதன்முதலாக வண்டி வாங்கும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. இருக்கையில் அமர்ந்தால் இரு கால்களும் தரையில் உறுதியாக ஊன்றுகின்றனவா? வண்டி சாய்ந்தால் தனியே நிமிர்த்த முடியுமா? நாள்தோறும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம்? உள்ளூரில் அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் இருக்கிறாரா, உதிரிபாகம் கிடைக்கிறதா? ஏ.பி.எஸ். பிரேக் உண்டா? பெயரையும் சின்னத்தையும் மறைத்துவிட்டுக் காட்டினாலும் இதே வண்டியைத்தான் தேர்ந்தெடுப்போமா?

இக்கேள்விகளுக்குப் பின்பும் அதே பெயரே மனத்தில் நின்றால், அந்தப் பற்றில் தவறில்லை. அது சோதித்து வந்த பற்று. வேறு பெயர் கொண்ட வண்டியை ஓட்டுபவரும் தம் தேவையை இப்படியே எடைபோட்டிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், அவர் வழியில் நின்றுபோகும்போது நிறுத்தி உதவுவதற்கு டாங்கின் மேலுள்ள எழுத்து தடையாக இராது.