உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பப்பையை எடுக்க எத்தனை வழி!

● சாதாரணக் கர்ப்பப்பையின் எடை 60 முதல் 80 கிராம்தான். ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டியோ, கர்ப்பப்பையின் உட்சவ்வு அதன் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸோ வந்தால், புற்றுநோய் இல்லாமலே அது பெருக்கும்; ஃபைப்ராய்டால் கிலோக்கணக்கில்கூட. இந்த வீக்கத்தை டாக்டர்கள் கர்ப்ப வாரத்தால் அளக்கிறார்கள். '12 வார சைஸ்' என்றால் ஏறக்குறைய 280 கிராம். '20 வார சைஸ்' என்றால் தொப்புள்வரை வந்துவிட்டது.

● வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் பிறப்புறுப்பு வழியாக எடுப்பதுதான் இருப்பதிலேயே பழைய முறை. ஜெர்மனியின் கான்ராட் லாங்கன்பெக் 1813-லேயே செய்துவிட்டார். அப்போது மயக்க மருந்து கிடையாது. சக டாக்டர்கள் நம்பவில்லை. 26 ஆண்டு கழித்து அந்தப் பெண் இறந்தபின், பிரேதப் பரிசோதனைதான் அவர் சொன்னது உண்மை என்று காட்டியது!

● வயிற்றைத் திறந்து எடுத்தும் நோயாளி முதன்முதலில் பிழைத்தது 1853-ல், அமெரிக்காவில். வால்டர் பர்னம் சினைப்பைக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தார். நடுவில் நோயாளி வாந்தி எடுக்க, கட்டியோடு கர்ப்பப்பை வெளியே பிதுங்கியது. உள்ளே தள்ள முடியாமல், வேறு வழியின்றி அதையே வெட்டி எடுத்தார்.

● வயிற்றில் சிறு துளைகள் போட்டு, லேப்ராஸ்கோப் மூலம் கர்ப்பப்பையை எடுக்கும் முறைக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அமெரிக்காவின் ஹாரி ரீச் 1988-ல் முதன்முதலில் செய்தார்.

● எது மேல்? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய 2015-ம் ஆண்டு காக்ரேன் அறிக்கையின் பதில்: முடிந்தவரை பிறப்புறுப்பு வழி. அது முடியாதபோது லேப்ராஸ்கோப்பி. வயிற்றைத் திறப்பதைவிட இதில் சீக்கிரம் அன்றாட வேலைகளுக்குத் திரும்பலாம். ஆனால் ஆபரேஷன் நேரம் கூடும். சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாயில் காயம் படும் வாய்ப்பும் சற்று அதிகம். ஏனென்றால், கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்க்குக் கீழேதான் சிறுநீர்க்குழாய் ஓடுகிறது!

● "ரொம்பப் பெரிசா இருக்கு, வயித்தைத் திறந்துதான் ஆகணும்" என்பது எப்போதும் சரியல்ல. இருபுற ரத்தக்குழாய்களையும் முதலில் கட்டிவிட்டு, கர்ப்பப்பையைத் துண்டு துண்டாக்கிப் பிறப்புறுப்பு வழியாகவே எடுக்கலாம். அளவு மட்டுமல்ல; கர்ப்பப்பை அசைகிறதா, முந்தைய சிசேரியனால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, டாக்டருக்கு அந்த முறையில் கைப்பழக்கம் உண்டா என்பதும் சேர்ந்துதான் வழியைத் தீர்மானிக்கிறது.

● ஆபரேஷனுக்கு முன் சுமார் மூன்று மாதம் போடும் ஹார்மோன் ஊசி, கட்டியைச் சுருக்கும். உதிரப்போக்கை நிறுத்தி ஹீமோகுளோபினையும் ஏற்றும். அதனால் நெடுக்காகப் போடவேண்டிய கீறல், அடிவயிற்றில் குறுக்குக் கீறலோடு முடியலாம்.

● பெரிய கர்ப்பப்பையைச் சிறு துளை வழியாக எடுக்க, அதை வயிற்றுக்குள்ளேயே துருவும் கருவி உண்டு. ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் செய்யப்படும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு மறைந்திருக்கும் புற்றுநோய் இருக்கலாம், துருவினால் அது பரவக்கூடும் என்று 2014-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. அதன் பிறகுதான் ஒரு பைக்குள் வைத்துத் துருவும் முறைக்கு அழுத்தம் கூடியது.

● ரோபோ ஆபரேஷன் என்றால் ரோபோ தானாகச் செய்வதல்ல. அதுவும் லேப்ராஸ்கோப்பிதான், டாக்டர் தள்ளி உட்கார்ந்து இயக்குகிறார். புற்றுநோய் அல்லாத வீக்கத்துக்கு, சாதாரண லேப்ராஸ்கோப்பியைவிடப் பெரிய பலன் இருப்பதாக நிரூபணமில்லை. பில் மட்டும் எகிறும்.

● தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த விதிகளை எல்லா மாநிலங்களும் அமல்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

● கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைத்தால், மாதவிடாய் நின்றாலும் ஹார்மோன் சுரப்பு உடனே நிற்காது. ஃபைப்ராய்டோ, மெனோபாஸுக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். தொந்தரவே தராத கட்டிக்கு, ஸ்கேனில் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் எந்த வழி ஆபரேஷனும் தேவைப்படுவதில்லை.